விலைக்கு வாங்கப்பட்ட சுல்தான்: பைபர்ஸ் எழுந்ததும் ஆண்டதும்

"சிலுவைப் போர் என்றால் எல்லோரும் ஸலாஹுத்தீன் அய்யூபியைத்தான் சொல்கிறார்கள். பைபர்ஸ் என்று ஒரு சுல்தான் இருந்தாராம். சந்தையில் விற்கப்பட்ட அடிமையாம். அவர் எப்படி எகிப்தின் அரியணைக்கு வந்தார்? உண்மையிலேயே அவ்வளவு பெரிய ஆளா?" என்பது கேள்வி.

பெரிய ஆள்தான். ஸலாஹுத்தீன் ஜெருசலேமை மீட்டார். அந்தப் புகழுக்கு அவர் முழுக்கத் தகுதியானவர். ஆனால் அவருக்குப் பின்னும் சிலுவைப் படையினர் கடற்கரைக் கோட்டைகளில் நூறு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களின் முதுகெலும்பை முறித்தவர் பைபர்ஸ். அதே கையோடு, அதுவரை யாராலும் தடுக்க முடியாமல் வந்துகொண்டிருந்த மங்கோலியரையும் யூப்ரடீஸ் நதிக்கு அப்பாலேயே நிறுத்தினார். அவருடைய போர்களை மட்டும் அடுக்கிச் சொல்பவர்கள் பாதி மனிதரைத்தான் காட்டுகிறார்கள் என்பது என் கருத்து. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கருங்கடலுக்கு வடக்கே பரந்து கிடந்த புல்வெளியில் வாழ்ந்த கிப்சாக் துருக்கியர் இனத்தில் பிறந்தவர் அவர். பிறந்த ஆண்டை 1223 என்று சிலரும் 1228 என்று சிலரும் சொல்கிறார்கள். மங்கோலியப் படைகள் அந்தப் புல்வெளியைத் துடைத்தெடுத்தபோது கிப்சாக் குடும்பங்கள் சிதறின, பிள்ளைகள் அடிமை வணிகர்களின் கையில் சிக்கினார்கள். அனத்தோலியாவின் சிவாஸ் நகரச் சந்தை வழியாக பைபர்ஸ் சிரியாவுக்கு வந்து சேர்ந்தார். உயரமான, மாநிறமான, நீலக் கண் கொண்ட இளைஞர். ஒரு கண்ணில் வெள்ளைப் புள்ளி விழுந்திருந்தது. அந்தக் குறையைக் கண்டு வாங்கியவர் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றும், அதனால்தான் மலிந்த விலைக்குப் போனார் என்றும் அக்கால வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கடைசியில் அவரை வாங்கியவர் அய்தகின் என்ற எகிப்திய அமீர், அதாவது படைத்தலைவர். சுல்தானின் வில்லைத் தாங்கிச் செல்லும் 'புந்துக்தார்' பதவியில் இருந்தவர் அவர். அதனால்தான் பைபர்ஸின் பெயரோடு 'அல்-புந்துக்தாரி' என்ற ஒட்டு கடைசிவரை இருந்தது. சுல்தானான பிறகும் முன்னாள் எஜமானரின் பெயரை அவர் உதறவில்லை.

இங்கே 'அடிமை' என்ற சொல்லைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் பள்ளிப் பாடத்தில் தில்லியின் அடிமை வம்சம் என்று படித்திருப்போம். பைபர்ஸ் எகிப்தை ஆண்ட அதே காலத்தில் தில்லியை ஆண்ட பால்பனும் விலைக்கு வாங்கப்பட்ட துருக்கியர்தான், அவரும் மங்கோலியரோடு மல்லுக்கட்டியவர்தான். 'மம்லூக்' என்றால் உடைமையாக்கப்பட்டவன் என்று பொருள். தோட்டத்தில் மாடாய் உழைக்கும் அடிமையோடு இவர்களைச் சேர்க்கக் கூடாது. சிறு வயதில் வாங்கப்பட்டு, பாசறையில் அரபும் மார்க்கமும் கற்று, குதிரை மீதிருந்தபடி வில், ஈட்டி, வாள் பயின்று, பயிற்சி முடிந்ததும் விடுதலைப் பத்திரம் பெற்று, குதிரையும் ஆயுதமும் வருவாய் நிலமும் பெறுபவர்கள். ஊர் இல்லை, உறவு இல்லை. வாங்கிய எஜமானர்தான் தகப்பன், உடன் பயின்றவர்கள்தான் சகோதரர்கள். சொந்தச் சகோதரர்களையும் சிற்றப்பன்மாரையும் நம்ப முடியாத அய்யூபிய (ஸலாஹுத்தீனின் வம்ச) சுல்தான்களுக்கு இப்படிப்பட்ட படை தேவைப்பட்டது. அவர்களில் ஸாலிஹ் அய்யூப் மற்ற யாரையும்விட அதிகமாக மம்லூக்குகளை வாங்கிக் குவித்து, நைல் நதியின் ரவ்தா தீவில் பாசறை அமைத்துக் கொடுத்தார். எகிப்தியர்கள் நைலை 'பஹ்ர்' என்பார்கள். அதனால் அந்தப் படைக்கு 'பஹ்ரிய்யா' என்று பெயர். அய்தகின் மீது சுல்தானுக்குக் கோபம் வந்து அவருடைய உடைமைகளைப் பறித்தபோது, அந்த உடைமைகளில் ஒன்றாக பைபர்ஸும் ரவ்தாவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

பெயர் வெளியே தெரிந்தது 1250இல். பிரான்சின் ஒன்பதாம் லூயி பெரும்படையோடு நைல் முகத்துவாரத்தில் இறங்கி தமியாத்தாவைப் பிடித்திருந்தார். அந்த நேரம் பார்த்து, 1249 நவம்பரில் ஸாலிஹ் அய்யூப் இறந்துபோனார். அவருடைய மனைவி ஷஜருத் துர் சாவை மறைத்து வைத்து அரசைத் தாங்கிப் பிடித்தார். அவரும் ஒரு காலத்தில் அடிமைப் பெண்தான். 1250 பிப்ரவரியில் லூயியின் தம்பி ராபர்ட் முன்னணிப் படையோடு ஆற்றைக் கடந்து எகிப்திய முகாமைத் திடீரென்று தாக்கினார். தளபதி ஃபக்ருத்தீன் கொல்லப்பட்டார். வெற்றி போதையில் ராபர்ட் மன்சூரா நகரை நோக்கிப் பாய்ந்தபோது வாயில்கள் திறந்து கிடந்தன. திறந்து வைக்கச் சொன்னவர் பைபர்ஸ் என்கிறார்கள். கனத்த கவசக் குதிரைகள் ஊரின் குறுகிய சந்துகளில் சிக்கித் திரும்ப வழியில்லாமல் நின்றன. கூரை மேலிருந்தும் திருப்பங்களிலிருந்தும் தாக்குதல் வந்தது. ராபர்ட் அங்கேயே மாண்டார், உள்ளே போனவர்களில் வெளியே வந்தவர்கள் மிகச் சிலர். இரண்டு மாதத்தில் லூயி மன்னரே கைதியானார்.

அதன் பிறகு நடந்தது அழகான கதை இல்லை. புதிதாக வந்த சுல்தான் தூரான் ஷா, தந்தையின் மம்லூக்குகளை ஓரங்கட்டப் பார்த்தார். 1250 மே மாதம் அவர்களே அவரைக் கொன்றார்கள், கொன்றவர்களில் பைபர்ஸும் ஒருவர். ஷஜருத் துர் சுமார் எண்பது நாள் அரியணையில் இருந்தார். பிறகு அவரை மணந்த ஐபக் என்ற மம்லூக் அமீர் சுல்தானானார். (தில்லியின் குத்புத்தீன் ஐபக் வேறு.) பஹ்ரிய்யாவின் தலைவர் அக்தாய் தன்னை மிஞ்சி வளர்வதைக் கண்ட ஐபக், 1254இல் அவரைக் கோட்டைக்குள் அழைத்துக் கொல்ல வைத்தார். தலைவரைச் சிறை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து வெளியே திரண்ட பஹ்ரிகளின் முன் அக்தாயின் தலை மதில் மேலிருந்து வந்து விழுந்தது. அன்றிரவே நூற்றுக்கணக்கான பஹ்ரிகள் சிரியாவுக்குத் தப்பி ஓடினார்கள். அவர்களை வழிநடத்தும் பொறுப்பு பைபர்ஸ் மீது விழுந்தது. அக்தாயைக் கொன்ற கைகளில் ஒன்று குத்துஸ் என்பவருடையது. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

ஆறு ஆண்டுகள் நாடோடி வாழ்க்கை. டமாஸ்கஸ் ஆட்சியாளரிடம் கொஞ்ச காலம், கரக் கோட்டையின் அய்யூபிய இளவரசர் முகீதிடம் கொஞ்ச காலம், மறுபடி டமாஸ்கஸ். எகிப்தின் மீது படையெடுத்துத் தோற்றதும் உண்டு. கூலி தருபவன் இன்று இருப்பான், நாளை காட்டிக் கொடுப்பான். பைபர்ஸின் பிற்கால ஆட்சியைப் படிக்கும்போதெல்லாம் இந்த ஆறு ஆண்டுகள்தான் எனக்கு நினைவுக்கு வரும். யாரையும் முழுதாக நம்பாத, ஓரிடத்தில் நிலைத்து உட்காராத, எந்தச் செய்தியும் தனக்கே முதலில் வந்துசேர வேண்டும் என்று துடித்த அந்தச் சுல்தான் உருவானது இங்கேதான்.

1258இல் மங்கோலியப் படைத்தலைவர் ஹுலாகு பாக்தாதை அழித்து, முஸ்லிம் உலகின் தலைவராகக் கருதப்பட்ட அப்பாசிய கலீஃபா முஸ்தஃஸிமைக் கொன்றார். 1260 தொடக்கத்தில் அலெப்போ விழுந்தது, அடுத்து டமாஸ்கஸ் பணிந்தது. எகிப்தில் அப்போது ஐபக்கின் சிறுவயது மகனை விலக்கிவிட்டு குத்துஸ் சுல்தானாகியிருந்தார். பணியச் சொல்லி வந்த மங்கோலியத் தூதர்களைக் கொன்று தலைகளை கைரோவின் ஸுவைலா வாயிலில் தொங்கவிட்டார். திரும்பிப் போக வழி வேண்டாம் என்று முடிவு செய்தவரின் செயல் அது. இந்த நேரத்தில் பைபர்ஸ் பழைய பகையை மூட்டை கட்டி வைத்துவிட்டு, பாதுகாப்பு உறுதி பெற்று, கைரோவுக்கு வந்து குத்துஸோடு சேர்ந்தார்.

நல்ல காலம் ஒன்றும் துணை நின்றது. மங்கோலியப் பேரரசர் மோங்கே இறந்த செய்தி வந்ததால் ஹுலாகு படையின் பெரும்பகுதியோடு கிழக்கே திரும்பியிருந்தார். சிரியாவில் தளபதி கித்புகாவும் ஒரு பகுதிப் படையும்தான் இருந்தார்கள். இதைச் சொன்னால் ஐன் ஜாலூத் வெற்றியைக் குறைத்துப் பேசுவதாகச் சிலர் வருத்தப்படுகிறார்கள். உள்ளதைச் சொல்வதில் குறைவு ஒன்றும் இல்லை. 1260 செப்டம்பர் 3 அன்று, பாலஸ்தீனத்தின் ஐன் ஜாலூத் நீரூற்றருகே, முன்னணிப் படையோடு போய் மோதியவர் பைபர்ஸ். மோதுவதும் பின்வாங்குவதுமாக எதிரியை முன்னே இழுத்தார். புல்வெளியில் பிறந்தவருக்கு அந்த உத்தி புதிதில்லை, மங்கோலியரின் ஆயுதமே அதுதான். நடுவில் எகிப்தியப் படையின் ஓர் அணி கலைந்தபோது குத்துஸ் தலைக்கவசத்தைக் கழற்றி எறிந்து "வா இஸ்லாமாஹ்!" (ஓ இஸ்லாமே!) என்று குரலெழுப்பிப் பாய்ந்தார். கித்புகா கொல்லப்பட்டார். சிரியா முழுவதும் மம்லூக்குகளின் கைக்கு வந்தது. இந்த வெற்றியின் பெரும்பங்கு குத்துஸைச் சேர வேண்டும். பிற்காலத்தில் பைபர்ஸின் புகழ்பாடிகள் அதை மறைத்தார்கள்.

கைரோவுக்குத் திரும்பும் வழியில், அக்டோபர் மாதம், பாலைவன ஓரத்தில் ஸாலிஹிய்யா அருகே குத்துஸ் வேட்டைக்கு ஒதுங்கினார். பைபர்ஸ் ஒரு சலுகை கேட்டார், சுல்தான் இசைந்தார். நன்றி சொல்வதுபோல் அவருடைய கையைப் பற்றி பைபர்ஸ் முத்தமிட்டார். அதுதான் சைகை. மற்ற அமீர்களின் வாள்கள் இறங்கின. அலெப்போவின் ஆளுநர் பதவியைத் தருவதாகச் சொல்லி குத்துஸ் ஏமாற்றியதுதான் காரணம் என்பார்கள். அக்தாயின் பழி என்பாரும் உண்டு. இரண்டும் இருந்திருக்கும். முகாமுக்குத் திரும்பியதும் மூத்த அமீர் ஒருவர், "கொன்றது யார்?" என்று கேட்டாராம். "நான்" என்றார் பைபர்ஸ். "அப்படியானால் அரியணையில் அமருங்கள்" என்றாராம் அவர். மங்கோலியரை வென்றவரை வரவேற்கத் தோரணம் கட்டியிருந்த கைரோ, கொன்றவரை வரவேற்றது. முதலில் 'அல்-காஹிர்' என்ற பட்டத்தைச் சூட்டிக்கொண்டார். அந்தப் பட்டம் வைத்தவர்கள் யாருக்கும் நல்ல முடிவு வந்ததில்லை என்று அமைச்சர் சொல்ல, 'அல்-ஸாஹிர்' என்று மாற்றிக்கொண்டார்.

இனிதான் முக்கியமான இடம். அரச குலத்தில் பிறக்காதவர், இரண்டு சுல்தான்களின் இரத்தம் கையில் படிந்தவர், எந்த உரிமையில் ஆள்வது? நாளை இன்னொரு அமீர் வந்து அதே கையை முத்தமிட்டால் என்ன செய்வது? அவருடைய பதினேழு ஆண்டு ஆட்சியின் ஒவ்வொரு வேலையும் இந்தக் கேள்விக்கான பதில்தான் என்று நான் நினைக்கிறேன்.

முதல் பதில் கலீஃபா. பாக்தாத் அழிவில் தப்பிய அப்பாசியக் குடும்பத்தவர் ஒருவரை 1261இல் கைரோவுக்கு வரவழைத்து, காதிகள் (நீதிபதிகள்) முன்னிலையில் வம்சத்தைச் சரிபார்த்து, முஸ்தன்ஸிர் என்ற பெயரில் கலீஃபாவாக்கினார். அந்தக் கலீஃபா பைபர்ஸுக்கு ஆட்சி உரிமைச் சாசனத்தை அளித்தார். சில மாதங்களில் சிறு படையோடு பாக்தாதை மீட்கப் புறப்பட்ட முஸ்தன்ஸிர் வழியிலேயே மங்கோலியரிடம் மாண்டார். அடுத்த ஆண்டே ஹாகிம் என்ற இன்னொருவர் அமர்த்தப்பட்டார். அவருக்கு அரண்மனை உண்டு, அதிகாரம் இல்லை. ஆனால் அந்தக் கைரோ கலீஃபாக்களின் வரிசை 1517இல் உஸ்மானியர் வரும்வரை தொடர்ந்தது.

நீதி அமைப்பிலும் கை வைத்தார். அதுவரை ஷாஃபிஈ மத்ஹபின் (இஸ்லாமியச் சட்டப் பள்ளியின்) தலைமைக் காதி ஒருவரிடமே அதிகாரம் குவிந்திருந்தது. 1265இல் ஹனஃபி, மாலிகி, ஷாஃபிஈ, ஹன்பலி நான்குக்கும் தனித்தனித் தலைமைக் காதிகளை நியமித்தார். மக்கள் அவரவர் மத்ஹபுப்படி தீர்ப்புப் பெற்றார்கள். எந்த ஒரு காதியும் சுல்தானுக்குத் தடையாக நிற்க முடியாமலும் போயிற்று. இரண்டு பலனும் அவர் அறிந்து செய்ததே. எல்லா அறிஞர்களும் அடங்கிவிடவில்லை. தமிழ் முஸ்லிம்கள் ஷாஃபிஈ சட்ட நூல்கள் வழியாகவும் 'ரியாளுஸ் ஸாலிஹீன்' வழியாகவும் நன்கறிந்த இமாம் நவவி, அப்போது டமாஸ்கஸில் வாழ்ந்தவர். போர்ச் செலவுக்காக மக்களின் தோட்டங்களை அரசு கையகப்படுத்தியதை எதிர்த்து அவர் சுல்தானுக்கே கடிதம் எழுதினார். கிழிந்த ஆடை அணிந்த ஓர் அறிஞர் அந்தச் சுல்தானுக்கு எதிராக நின்றார் என்பதை வாசிக்கும்போது இன்றும் மனம் நிமிர்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய தபால் அமைப்பு. 'பரீத்' என்பது அதன் பெயர். கைரோவிலிருந்து சிரியா முழுக்க, குறிப்பிட்ட தொலைவுக்கு ஒரு நிலையம். அங்கே எப்போதும் ஓய்வெடுத்த குதிரை தயார். ஓட்டக்காரர் வந்து இறங்குவார், புதுக் குதிரை ஏறுவார், பறப்பார். டமாஸ்கஸிலிருந்து கைரோவுக்குச் செய்தி நான்கு நாளில் வந்தது. சினாய்ப் பாலைவனம் நடுவில் கிடக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால்தான் இதன் அருமை புரியும். வாரத்துக்கு இரண்டு முறை முறையான அஞ்சல். அதற்கு மேல் புறாத் தபால். எல்லையில் மங்கோலியர் தலை தெரிந்தால் மலை உச்சிகளில் தீ மூட்டும் ஏற்பாடு. எதிரியின் குதிரைகளுக்குத் தீவனம் கிடைக்கக் கூடாது என்று எல்லைக்கு அப்பால் ஆட்களை அனுப்பிப் புல்வெளிகளைக் கொளுத்த வைத்தார். மங்கோலியரின் பலம் குதிரை, குதிரையின் பலம் புல். அதை அறிந்தவர் புல்வெளியில் பிறந்த பைபர்ஸ்.

அதே அறிவு அரசியலிலும் வேலை செய்தது. கிப்சாக் புல்வெளியை ஆண்ட மங்கோலியக் கான் பெர்க்கே இஸ்லாத்தைத் தழுவியிருந்தார். தன் உறவினர் ஹுலாகு மீது அவருக்குத் தீராத கோபம். பைபர்ஸ் அவருக்குத் தூதர்களையும் பரிசுகளையும் அனுப்பி நட்பை உறுதிப்படுத்தினார். மங்கோலியரை மங்கோலியரே பிடித்து இழுக்கும் நிலை வந்தது. நடுவில் இருந்த பைசாந்தியப் பேரரசர் எட்டாம் மைக்கேலோடும் உடன்பாடு செய்துகொண்டார். காரணம், எகிப்துக்கு வரவேண்டிய கிப்சாக் சிறுவர்களின் கப்பல்கள் கான்ஸ்டாண்டிநோப்பிள் நீரிணை வழியாகத்தான் வந்தாக வேண்டும். தன்னைப் போலவே வீட்டிலிருந்து பறிக்கப்பட்ட பிள்ளைகள் வரும் வழியைத் திறந்து வைக்க அந்த முன்னாள் அடிமை பேரரசரோடு பேசினார். நெஞ்சில் உறுத்தும் உண்மை இது.

இந்த அடித்தளம் போட்ட பிறகுதான் கோட்டைகள் மீது கை வைத்தார். 1265இல் கைசாரியா, ஹைஃபா, அர்சூஃப். 1266இல் ஸஃபத். 1268இல் யாஃபா, ஷகீஃப், அந்தியோகியா. 1271இல் சிரியாவின் கிராக் என்ற மாபெரும் கோட்டை. (முன்பு சொன்ன கரக் வேறு.) பிடித்தவற்றை அவர் நடத்திய விதத்தில் ஒரு கணக்கு இருந்தது. கடற்கரைக் கோட்டைகளைத் தரைமட்டமாக்கினார், ஐரோப்பாவிலிருந்து புதுப் படை வந்தால் கால் ஊன்ற இடம் இருக்கக் கூடாது. உள்நாட்டுக் கோட்டைகளைப் பழுதுபார்த்துத் தன் படையை வைத்தார். யாஃபாவின் மரமும் பளிங்கும் கைரோவுக்குப் போய் அவர் கட்டிய பெரிய பள்ளிவாசலில் சேர்ந்தன. கிராக் கோட்டையின் கடைசி மதிலை உடைப்பதற்குப் பதில், அங்கிருந்த சிலுவைப் படையினரின் தலைமையிடமிருந்து வந்ததுபோல் ஒரு பொய்க் கடிதத்தை உள்ளே அனுப்பினார். சரணடையலாம் என்று அதில் இருந்தது. சரணடைந்தார்கள், உயிரோடு போக விட்டார்.

ஸஃபத்தில் அப்படி விடவில்லை. உயிருக்கு உறுதி பெற்று வெளியே வந்த வீரர்களை வெட்டிக் கொன்றார்கள். அவர்கள் நிபந்தனையை மீறி ஆயுதம் மறைத்து வந்தார்கள் என்று அவர் தரப்பு வரலாற்றாசிரியர்கள் காரணம் சொல்கிறார்கள். அந்தக் காரணம் எனக்குப் போதவில்லை. முன்பு தனக்கு அடைக்கலம் தந்த கரக் இளவரசர் முகீதையும், சத்தியம் செய்து வரவழைத்து, மங்கோலியரோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார் என்று குற்றம் சாட்டிச் சிறைப்பிடித்துக் கொன்றார்.

அந்தியோகியா இன்னும் கொடுமை. 1268 மே 18 அன்று நகரம் விழுந்தது. வாயில்களை அடைத்துவிட்டு உள்ளே கொலையும் கொள்ளையும். ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள், எஞ்சியவர்கள் அடிமைகளானார்கள். நகரத்தின் அதிபர் பொஹிமாண்ட் அப்போது திரிப்போலியில் இருந்தார். மங்கோலியர் அலெப்போவை அழித்தபோது அவர்களோடு நின்றவர் அவர். பைபர்ஸுக்கு அந்தக் கணக்கு மறக்கவில்லை. அவருடைய எழுத்தர் இப்னு அப்துஸ் ஸாஹிர் எழுதிய கடிதம் ஒன்று பொஹிமாண்டுக்குப் போனது. நடந்ததைச் சொல்ல உங்கள் ஆட்கள் யாரும் மிஞ்சாததால் நாங்களே சொல்கிறோம் என்று, எரிந்த மாதா கோயில்களையும் விற்கப்பட்ட பெண்களையும் ஒவ்வொன்றாக விவரிக்கும் கடிதம். அந்தியோகியா போய்விட்டதால் இனி நீங்கள் இளவரசர் இல்லை என்று பட்டத்தையும் குறைத்தே எழுதினார்கள். அரபு உரைநடையின் வலிமைக்கு எடுத்துக்காட்டாக அதைப் புகழ்பவர்கள் உண்டு. எனக்கு அதைப் படிக்கும்போது, எல்லாவற்றையும் இழந்து சிவாஸ் சந்தையில் நின்ற கிப்சாக் சிறுவன்தான் தெரிகிறான். அந்தச் சிறுவனுக்கு நடந்ததையே அந்தியோகியாவின் பிள்ளைகளுக்கு நடத்தினார்.

தோல்விகளும் உண்டு. 1271இல் சைப்ரஸ் தீவைத் தாக்க அனுப்பிய கப்பல்கள் லிமசோல் அருகே பாறைகளில் மோதி உடைந்தன. குதிரைமேல் வளர்ந்த அரசுக்குக் கடல் கடைசிவரை வசப்படவில்லை. சிரிய மலைகளில் இருந்த 'அசாசின்' எனப்பட்ட நிஸாரி இஸ்மாயிலிகள் என்ற ஷீஆ பிரிவினரின் கோட்டைகளை மட்டும் சில ஆண்டுகளில் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார். தெற்கே நூபியாவின் துங்குலாவரை 1276இல் அவர் படை போயிற்று.

கடைசிப் பெரும்போர் 1277 ஏப்ரலில், அனத்தோலியாவின் எல்பிஸ்தான் சமவெளியில். மங்கோலியரை நேருக்கு நேர் முறியடித்து, கைசேரி நகருக்குள் நுழைந்து, அந்நாட்டின் துருக்கிய ஆட்சியாளர்களான செல்ஜூக் சுல்தான்களின் அரியணையில் அமர்ந்தார். ஆனால் உள்ளூர்ப் பிரபுக்கள் எதிர்பார்த்தபடி அணிதிரளவில்லை. ஹுலாகுவின் மகன் அபாகா பெரும்படையோடு வருகிறார் என்று தெரிந்ததும் சில நாட்களிலேயே திரும்பிவிட்டார். பிடித்ததை வைத்துக்கொள்ள முடியாது என்றால் விட்டுவரத் தெரிந்தவர் அவர்.

டமாஸ்கஸுக்கு வந்து சில வாரங்களில், ஜூலை தொடக்கத்தில், இறந்துபோனார். புளித்த குதிரைப்பாலான குமிஸ் அவருக்குப் பிடித்த பானம். வேறொருவருக்காக நஞ்சிட்ட கிண்ணத்திலேயே தவறிக் குடித்துவிட்டார் என்றொரு கதை உண்டு. நோயாகவும் இருக்கலாம். அமீர்கள் சாவை மறைத்து, சுல்தான் உடல்நலமின்றி வருகிறார் என்று சொல்லி மூடிய பல்லக்கை கைரோவரை கொண்டு போனார்கள். 1249இல் ஷஜருத் துர் செய்த அதே வேலை.

மகன் பரகா அரியணை ஏறினார். மம்லூக் முறையில் மகனுக்கு உரிமை என்று ஒன்று கிடையாது. இரண்டே ஆண்டில் அவரை விலக்கினார்கள், ஏழு வயதுத் தம்பியைச் சில மாதம் உட்கார வைத்தார்கள். பிறகு பைபர்ஸோடு ரவ்தா பாசறையில் வளர்ந்த கலாவூன், பரகாவின் மாமனார், தானே சுல்தானானார். 1291இல் ஆக்கர் நகரைப் பிடித்துச் சிலுவைப் படையினரின் கடைசித் துணுக்கையும் துடைத்தவர் கலாவூனின் மகன். பைபர்ஸின் கல்லறை டமாஸ்கஸின் உமய்யாப் பள்ளிவாசலுக்கு அருகே ஸாஹிரிய்யா மதரஸாவில் இருக்கிறது. ஸலாஹுத்தீனின் கல்லறையிலிருந்து நடந்தே போகும் தொலைவுதான்.